மலேரியாக் கிருமியைப் பட்டினி போட முடியுமா? சல்ஃபடாக்சின் ஏன் வேலை செய்யவில்லை?

கேள்வி இரண்டு பகுதியாக வந்திருக்கிறது. கேட்டவர் இங்கே சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் உயிர்மருத்துவ அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறார். இப்போது ஆய்வுக்கூடமொன்றில் பயிற்சியில் இருக்கிறார். ஒன்று: "ஒட்டுண்ணி நம் உடம்பிலிருந்துதானே சாப்பிடுகிறது. அந்தச் சாப்பாட்டை நிறுத்தினால் செத்துப்போகாதா? ஏன் எல்லா மருந்தையும் அந்த வழியிலேயே செய்வதில்லை?" இரண்டு: "பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் என்ற மலேரியாக் கிருமியின் வளர்ப்பில் சல்ஃபடாக்சினை எவ்வளவு கூட்டிப் போட்டாலும் கிருமி எண்ணிக்கை இறங்கவே இல்லை. மருந்து கெட்டுப்போயிற்றா?"

மருந்து கெட்டிருக்க வாய்ப்புக் குறைவு. இரண்டாவதன் விடை முதலாவதற்குள்ளேயே இருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால் என்ன செய்வோம்? புளோக்குக்குக் கீழே இறங்கி உணவங்காடியில் பொட்டலம் கட்டி வாங்கிவருவோம். அடுப்பை உடைத்ததால் இந்த ஊரில் யாரும் பட்டினி கிடந்ததில்லை. ஒட்டுண்ணியும் அப்படித்தான். பாடப்புத்தகம் "இந்த நொதி கிருமியிடம் உண்டு, மனிதரிடம் இல்லை, ஆகவே நல்ல இலக்கு" என்று எழுதிவிடும். அது பாதிக் கணக்கு. அந்தச் சத்தைக் கிருமி தானே சமைக்கிறதா, நம்மிடம் எடுக்கிறதா. நோய் தரும் அந்தக் கட்டத்தில் அது உண்மையிலேயே தேவைப்படுகிறதா. சமையலை நிறுத்தினால் பக்கத்தில் கடை திறந்திருக்கிறதா. இம்மூன்றையும் கேட்காமல் இலக்கு தேடிப் போனவர்கள் பல வருடங்களை இழந்திருக்கிறார்கள்.

முதலில் பட்டினியையே எடுத்துக்கொள்வோம். சிவப்பணுவுக்குள் புகுந்த ஃபால்சிபாரம் அங்குள்ள ஹீமோகுளோபினின் பெரும்பகுதியைச் செரித்து அமினோ அமிலங்களாக்குகிறது. ஆனால் வளர்ந்த மனிதரின் ஹீமோகுளோபினில் ஐசோலூசின் ஒன்றுகூட இல்லை. அந்த ஒரு அமினோ அமிலத்தை மட்டும் வெளியே இரத்தநீரிலிருந்து வாங்கியே தீரவேண்டும். அப்படியானால் ஐசோலூசினை நிறுத்தினால் போதுமே என்று தோன்றும். செய்து பார்த்திருக்கிறார்கள். 2012இல் வெளிவந்த ஆய்வில், ஐசோலூசின் இல்லாத வளர்ப்பு ஊடகத்தில் கிருமி சாகவில்லை. வளர்ச்சியை மெதுவாக்கி உறங்கப் போனது. மூன்று நாள் கழித்து ஐசோலூசினைக் கொடுத்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. பசியைத் தாங்குவது ஒட்டுண்ணியின் பரம்பரைத் தொழில். பட்டினி போட்டால் தூங்கும், தூங்கும் கிருமியைப் பல மருந்துகள் தொடமாட்டா. ஆக வெறும் பட்டினி ஆபத்தான யோசனைகூட.

அடுத்தது டிரைக்ளோசான். பற்பசையிலும் சோப்பிலும் இருந்த அதே பொருள்தான். மலேரியாக் கிருமிக்குள் ஏபிக்கோபிளாஸ்ட் என்று ஓர் உறுப்பு உண்டு. செம்பாசியிலிருந்து வந்த, பச்சையம் இழந்த பசுங்கணிகத்தின் மிச்சம். அதில் கொழுப்பமிலம் தயாரிக்கும் வரிசை பாக்டீரியா பாணியில் இருக்கிறது, மனிதரின் பாணி வேறு. 2001இல் பெங்களூரு ஆய்வாளர்கள் டிரைக்ளோசான் அந்த வரிசையின் ஒரு நொதியைத் தடுக்கிறது, எலி மலேரியாவையும் அடக்குகிறது என்று காட்டியபோது துறையே பரபரத்தது. மருந்து வேதியியலாளர்கள் அந்த நொதிக்கென்றே மூலக்கூறுகளைச் செதுக்கத் தொடங்கினார்கள். 2008-09இல், மரபணுவையே நீக்கிப் பார்த்தபோது, இரத்தத்தில் கிருமி அந்த நொதி இல்லாமலே செழிப்பாக வளர்ந்தது. கல்லீரல் கட்டத்தின் கடைசியில் மட்டும்தான் அந்தச் சமையல் தேவைப்பட்டது. இரத்தத்தில் இருக்கும்போது கொழுப்பமிலத்தை நம்மிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. டிரைக்ளோசான் இரத்தக் கிருமியைக் கொன்றது வேறு ஏதோ வழியில். நொதி உண்மை, வேறுபாடு உண்மை, கட்டம்தான் தப்பு.

இதே ஏபிக்கோபிளாஸ்டில் ஐசோபிரினாய்டு என்ற இன்னொரு சரக்கும் தயாராகிறது. அதற்குக் கடை கிடையாது. 2011இல் ஓர் அழகான சோதனை செய்தார்கள்: ஐசோபிரினாய்டின் அடிக்கல்லான ஐசோபென்டெனில் பைரோஃபாஸ்ஃபேட்டை 200 மைக்ரோமோலார் அளவில் ஊடகத்தில் வெளியிலிருந்து கொடுத்தால், ஏபிக்கோபிளாஸ்டையே முழுக்க இழந்த கிருமிகூட இரத்தக் கட்டத்தில் வாழ்கிறது. அந்த ஒரே பொருளுக்காகத்தான் அவ்வளவு பெரிய உறுப்பைக் கட்டிக் காக்கிறது. ஃபோஸ்மிடோமைசின் என்ற மருந்து அடிப்பது இந்தப் பாதையை.

இனி ஃபோலேட். உங்கள் சல்ஃபடாக்சின் இங்கேதான் வருகிறது, கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நாம் ஃபோலேட்டைச் செய்ய முடியாது. கீரையிலும் பருப்பிலும் மாத்திரையிலும் எடுக்கிறோம். மலேரியாக் கிருமி அதைத் தானே செய்கிறது. அதற்கு வேண்டிய ஒரு மூலப்பொருள் பாரா அமினோ பென்சாயிக் அமிலம். சுருக்கமாகப் பாபா என்போம். அந்தப் பாபாவை டெரின் வளையத்தோடு ஒட்டும் நொதி டைஹைட்ரோப்டெரோயேட் சிந்தேஸ். சல்ஃபடாக்சின் பாபாவைப் போலவே தோற்றம் காட்டி அந்த நொதியில் உட்கார்ந்துகொள்கிறது. அடுத்த படியில் டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ்; அதைத் தடுப்பது பைரிமெத்தமின். ஒரே குழாயை இரண்டு இடத்தில் நசுக்குவதால் இரண்டும் சேர்ந்தால் வேகம் பலமடங்கு கூடும்.

பாபா எவ்வளவு முக்கியம் என்பது மருந்தில்லாமலே தெரிந்த செய்தி. 1952இல் லிவர்பூலில் மேக்ரேய்த் குழுவினர் எலிகளுக்குப் பால் மட்டும் கொடுத்தபோது மலேரியா அடங்கியது. பாலில் பாபா மிகக் குறைவு என்பதே காரணம் என்று அடுத்த ஆண்டு ஹாக்கிங் காட்டினார். பாலோடு பாபா சேர்த்ததும் நோய் திரும்பியது. உண்மையான "சாப்பாட்டை நிறுத்துதல்" வெற்றி என்று சொல்லத்தக்கது இது ஒன்றுதான். மனிதருக்குப் பால் பத்தியம் வைத்தியமாகாது என்று தனியே சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

ஆனால் கதவு முழுவதும் மூடியிருக்கவில்லை. கிருமி தன் ஃபோலேட்டைச் சமைத்தாலும், வெளியே தாராளமாகக் கிடந்தால் ஓரளவு அள்ளவும் செய்யும். எவ்வளவு என்பது இனத்துக்கு இனம் மாறும். இதனால் வரும் சிக்கல் மருத்துவமனைவரை நீள்கிறது. ஆப்பிரிக்காவில் கர்ப்பிணிகளுக்கு மலேரியா வராமலிருக்க சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமின் மூன்று மாத்திரைகளை ஒரே வேளையாக, இரண்டாம் மும்மாதத்திலிருந்து மாத இடைவெளியில் கொடுக்கிறார்கள். அதோடு தினமும் 5 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் விழுங்கினால் மலேரியா மருந்தின் பலன் குறைகிறது. அதனால்தான் உலகச் சுகாதார நிறுவனம் அங்கே 0.4 மில்லிகிராம் போதும், 5 மில்லிகிராமோ அதற்கு மேலோ வேண்டாம் என்கிறது. டாக்சோபிளாஸ்மா என்ற இன்னொரு ஒட்டுண்ணி தரும் நோயில் இதே பாடம் தலைகீழாக வரும்: பைரிமெத்தமின் நம் எலும்பு மச்சையையும் அடிப்பதால் காப்புக்கு ஒன்று கொடுக்கவேண்டும். கொடுப்பது ஃபோலினிக் அமிலம், பொதுவாகத் தினம் 10 முதல் 25 மில்லிகிராம். பெயர் ஒன்றுபோல் ஒலிக்கிறது என்று ஃபோலிக் அமிலத்தை எழுதிவிட்டால் நோயாளிக்கும் காப்பில்லை, கிருமிக்கும் விருந்தாகலாம். ஃபோலிக் அமிலம் நம் செல்லுக்குப் பயன்பட அதே ரிடக்டேஸ் வேண்டும். ஃபோலினிக் அமிலம் அந்தப் படியைத் தாண்டி உள்ளே போகும்.

எதிர்ப்பு எப்படி வருகிறது? ரிடக்டேஸின் அமினோ அமில வரிசையில் 108ஆம் இடத்தில் செரின் போய் அஸ்பராஜின் வந்தால் முதல் படி. பிறகு 51, 59 ஆகிய இடங்கள், கடைசியில் 164. தென்கிழக்காசியாவில் நான்கும் சேர்ந்த கிருமிகள் சாதாரணம். இந்த வட்டாரத்தில் சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமின் ஓய்வுபெற்றதற்குக் காரணம் அதுதான்.

கடையில்லாச் சரக்குக்கு இன்னும் நல்ல உதாரணம் பிரிமிடின். டிஎன்ஏ கட்ட பியூரினும் பிரிமிடினும் வேண்டும். பியூரினை ஃபால்சிபாரம் செய்யாது. ஹைப்போசாந்தினாக நம்மிடம் எடுக்கும். பிரிமிடினை எடுக்கத் தெரியாது, செய்தே ஆகவேண்டும். அந்த வரிசையில் டைஹைட்ரோஓரோட்டேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதி தான் பறித்த எலெக்ட்ரான்களை மைட்டோகாண்ட்ரியாவின் யுபிகுவினோனிடம் ஒப்படைக்கிறது. அட்டோவாகுவோன் மருந்து மைட்டோகாண்ட்ரியாவின் சைட்டோகுரோம் பிசி1ஐத் தடுத்தால், எலெக்ட்ரானை இறக்கிவைக்க முடியாமல் யுபிகுவினோன் தேங்கும், பிரிமிடின் நிற்கும். கிருமியின் மூச்சை நிறுத்துவதால் அது சாகிறது என்றே நீண்ட நாள் நினைத்தார்கள். 2007இல், எலெக்ட்ரானை யுபிகுவினோனுக்குத் தராத ஈஸ்ட்டின் நொதியைக் கிருமிக்குள் வைத்தார்கள். அட்டோவாகுவோன் பலிக்காமல் போயிற்று. இரத்தக் கட்டத்தில் அந்த மைட்டோகாண்ட்ரியாச் சங்கிலி முழுவதும் ஓடுவது பெரும்பாலும் பிரிமிடின் சமைப்பதற்காகத்தான்.

அட்டோவாகுவோனைப் புரோகுவானில் என்ற இன்னொரு மருந்தோடு சேர்த்தே தருகிறார்கள். தனியாகக் கொடுத்த ஆரம்ப சோதனைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு நோய் திரும்பியது. பிசி1இன் பகுதியான சைட்டோகுரோம் பியின் 268ஆம் இடத்தில் ஒரே மாற்றம் போதும். அப்படி மாறிய கிருமி கொசுவுக்குள் போனால் தடுமாறுகிறது, அங்கே அதற்கு மைட்டோகாண்ட்ரியா மூச்சுக்கே வேண்டும். அதனால் எதிர்ப்பு ஊர் பரவுவது கடினம். கட்டம் மாறினால் தேவை மாறும் என்பது இங்கே நமக்குச் சாதகமாக அமைந்துவிட்டது.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியே ஒரு விஷயம். சிங்கப்பூரை மலேரியா இல்லாத நாடாக உலகச் சுகாதார நிறுவனம் 1982இல் அறிவித்தது. இப்போது பார்ப்பது பெரும்பாலும் ஊருக்குப் போய்வந்தவர்கள் கொண்டுவரும் நோய். பயணத்துக்குமுன் வாங்கும் அட்டோவாகுவோன்-புரோகுவானில் மாத்திரை, பெரியவர்களுக்குத் தினம் ஒன்று. போவதற்கு ஓரிரு நாள் முன் தொடங்கி, திரும்பி வந்தபின்னும் 7 நாள். அட்டோவாகுவோனும், சிகிச்சைக்குத் தரும் லுமிஃபேன்ட்ரினும் கொழுப்போடுதான் குடலில் ஏறும். காய்ச்சல் என்றதும் நம் வீட்டில் வைப்பது வெறும் அரிசிக் கஞ்சி. இந்த இரண்டு மருந்துக்கும் அதைவிட மோசமான துணை கிடையாது. கொழுத்த விருந்தும் தேவையில்லை. 36 மில்லிலிட்டர் சோயாப்பால், அதாவது சுமார் 1.2 கிராம் கொழுப்பு, லுமிஃபேன்ட்ரின் உறிஞ்சலை உச்சத்தின் 90 விழுக்காட்டுக்குக் கொண்டுபோகிறது என்று அளந்திருக்கிறார்கள். உணவங்காடியில் விற்கும் ஒரு கோப்பை சோயாப்பாலில் நாலைந்து வாய். கஞ்சியே கேட்டால் ஒரு கரண்டி தேங்காய்ப்பால் ஊற்றுங்கள்.

வைவாக்ஸ் என்ற இன்னொரு வகை மலேரியா கல்லீரலில் ஒளிந்துகொள்ளும்; அதற்கு பிரைமாகுவின் வேண்டும். கொடுக்குமுன் ஜி6பிடி என்ற நொதியின் அளவைப் பார்க்கவேண்டும். சிவப்பணு குளுக்கோசிலிருந்து தன் துருத்தடுப்புச் சக்தியைச் செய்யும் பாதையின் முதல் நொதி அது. குறைவாக இருந்தால் மருந்து நம் இரத்தத்தையே உடைக்கும். இங்கே 1965 முதலே பிறந்த குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் இதைப் பார்க்கிறார்கள். குழந்தைத் துணி இருக்கும் அலமாரியில் பூச்சி உருண்டை போடாதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான்.

பட்டினி போடுவதைவிடக் கெட்டிக்காரத்தனமான வழி குப்பையைத் தேங்க விடுவது. ஹீமோகுளோபினைச் செரித்தால் ஹீம் மிஞ்சும், ஹீம் விஷம். கிருமி அதை ஹீமோசோயின் படிகமாக்கி மூலையில் ஒதுக்குகிறது; நுண்ணோக்கியில் தெரியும் பழுப்புத் துகள் அதுதான். குளோரோகுவின் அமிலத்தன்மை கொண்ட உணவுக்குமிழுக்குள் போய்ச் சேர்ந்து, படிகம் வளரும் முகத்தை மூடிவிடும். அதிகம் தின்னும் கிருமி சீக்கிரம் சாகும்! எதிர்ப்பு வந்தபோது மாறியது உணவுக்குமிழின் சவ்வில் உள்ள ஒரு கடத்தி, 76ஆம் இடத்தில் லைசினுக்குப் பதில் திரியோனின். செரித்த புரதத் துண்டுகளை வெளியே எடுத்துத் தருவதுதான் அந்தக் கடத்தியின் சொந்த வேலை. மாறியபின் மருந்தை வெளியே தள்ளும், ஆனால் சொந்த வேலையில் சுணங்கும். மலாவி 1993இல் குளோரோகுவினை நிறுத்தியபின் பழைய கிருமியே மெல்ல மெல்லத் திரும்பிவந்ததற்குக் காரணம் அந்தச் சுணக்கம்தான்.

இன்னொரு வழி, கிருமி சாப்பாட்டுக்காகத் திறந்த கதவிலேயே விஷத்தை அனுப்புவது. உறக்க நோய் தரும் டிரிப்பனோசோமா பியூரினுக்காக அடினோசினை இழுக்கும் கதவு வழியாகவும் மெலார்சோப்ரோல் மருந்தின் ஆர்சனிக் உள்ளே போகிறது. கதவைக் கழற்றிவிட்டால் எதிர்ப்பு கூடும்.

கதவு என்றதும் நீங்கள் வாரந்தோறும் செய்யும் ஒரு வேலை நினைவுக்கு வரவேண்டும். 5 விழுக்காடு சார்பிட்டாலில் 37 பாகை வெப்பத்தில் பத்து நிமிடம் வைத்து வளர்ப்பைச் சீராக்குவீர்களே, முதிர்ந்த கிருமிகள் உடைந்து இளம் வளையக் கட்டம் மட்டும் ஏன் மிஞ்சுகிறது? முதிரும் கிருமி, சத்து வாங்குவதற்காகச் சிவப்பணுவின் சவ்வில் புதிய வழிகளைத் திறக்கிறது. சார்பிட்டாலும் அதன் வழியே புகுந்து, தண்ணீரும் கூடவே வந்து, அணு வெடிக்கிறது. வளையக் கட்டத்தில் அந்த வழி இன்னும் திறக்கவில்லை. திறந்த வழியில் சோடியமும் கொட்டும். கிருமி தன் உடலுக்குள் அது ஏறாதபடி இறைத்துக்கொண்டே இருக்கவேண்டும். அந்தச் சோடிய ஏற்றத்தாழ்வைக் கொண்டே ஃபாஸ்ஃபேட்டையும் உள்ளே இழுக்கிறது. அந்த இறைக்கும் பம்பை அடிக்கும் மருந்துதான் சிபர்கமின். இங்கே புவன விஸ்தாவில் உள்ள பயோபோலிஸ் ஆய்வு வளாகத்தில் இயங்கிய நொவார்ட்டிஸ் வெப்பமண்டல நோய் ஆய்வுக்கழகம், ஏறத்தாழ 12,000 சேர்மங்களைச் சலித்ததில் கிடைத்த வகை, 2010இல் அறிவித்தார்கள். அந்தக் கழகம் பின்னர் கலிஃபோர்னியாவுக்குப் போய்விட்டது, மூலக்கூறின் பிறந்த ஊர் என்னவோ புவன விஸ்தாதான்.

புழுக்களை இங்கே விரிக்கவில்லை. அல்பென்டசோல் என்ற புழு மருந்து, புழுவின் செல்லுக்குச் சட்டமாக நிற்கும் டியூபுலின் புரதத்தை அடிக்க, அதனால் குளுக்கோஸ் இழுப்பு நின்று, சேமித்த கிளைக்கோஜன் கரைந்து சில நாளில் சாகிறது. மாத்திரை போட்ட மறுநாளே ஒன்றும் காணோமே என்று பதற வேண்டாம் என்பது மட்டும் நடைமுறைக்கு.

இப்போது உங்கள் வளர்ப்புத் தட்டுக்கு வருவோம். நீங்கள் பயன்படுத்துவது சாதாரண ஆர்பிஎம்ஐ 1640 வளர்ப்பு ஊடகம் என்றால், அதில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் பாபாவும் 1 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் ஏற்கெனவே இருக்கின்றன. சல்ஃபடாக்சின் போட்டியிடுவது பாபாவோடு. நீங்கள் கடையைத் திறந்துவைத்துவிட்டு அடுப்பை நசுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். மருந்தைப் பத்து மடங்கு கூட்டினாலும் எதிரே நிற்கும் பாபா அதை விழுங்கிவிடும்.

செய்ய வேண்டியது: லிட்டருக்குப் பாபா 0.5 மைக்ரோகிராம், ஃபோலிக் அமிலம் 10 மைக்ரோகிராம் என்று குறைத்த ஆர்பிஎம்ஐ தருவியுங்கள். சீரம் சேர்ப்பதானால் டயாலிசிஸ் செய்த சீரம். இல்லையென்றால் குறைத்ததையெல்லாம் சீரம் திரும்பக் கொண்டுவந்துவிடும். சிவப்பணுக்களையும் கிருமியையும் அந்த ஊடகத்தில் மூன்று முறை கழுவி, சோதனைக்கு முன் ஓரிரு சுற்று அதிலேயே வளர்த்து, உள்ளே சேர்ந்த இருப்பு கரைய விடுங்கள். வளர்ச்சி கொஞ்சம் மந்தமாகும், பயப்பட வேண்டாம். வளையக் கட்டத்தில் தொடங்கி, 0.5 விழுக்காடு கிருமி, 2 விழுக்காடு ஹீமாட்டோகிரிட் (சிவப்பணுக்களின் பங்கு). 48 மணியில் நிறுத்தாமல் 72 அல்லது 96 மணிவரை விடுங்கள். சேமித்த ஃபோலேட் தீரும்வரை மருந்தின் அடி வெளியே தெரியாது.

கிருமி இனத்தையும் பாருங்கள். எல்லோரும் "சாதாரண" இனம் என்று எடுக்கும் 3டி7இன் சிந்தேஸ் 437ஆம் இடத்தில் ஏற்கெனவே கிளைசினாக மாறியது. பைரிமெத்தமினுக்குக் கேட்கும், சல்ஃபடாக்சினுக்குக் கொஞ்சம் முரண்டுபிடிக்கும். டிடி2 என்றால் இரண்டுக்குமே எதிர்ப்பு. வளர்ச்சியை அளக்கக் கதிரியக்க ஹைப்போசாந்தின் பயன்படுத்தினால் ஊடகத்தில் சாதாரண ஹைப்போசாந்தின் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் அது குறியிட்டதை நீர்த்துப்போகச் செய்து எண்களைத் தாழ்த்தும். டிஎன்ஏவில் ஒட்டி ஒளிரும் சைபர் கிரீன் சாய முறையில் அந்தத் தொல்லை இல்லை.

கடைசியாக ஒரு வரிசைக் கிணறுகளை ஒதுக்கி, குறைத்த ஊடகம், அதே சல்ஃபடாக்சின், ஆனால் பாபாவை மட்டும் லிட்டருக்கு 1 மில்லிகிராமாகத் திரும்பச் சேர்த்து வையுங்கள். குறைத்த ஊடகத்தில் இறங்கிய வளைகோடு இந்தக் கிணறுகளில் மறுபடி மேலே ஏறினால், மருந்து நன்றாக இருக்கிறது, அடித்த இடமும் சரியான இடம்தான். இரண்டிலும் இறங்காமலே இருந்தால் அப்போது மருந்துப் புட்டியைச் சந்தேகப்படுங்கள்.